கவுன்சிலருக்கு அளவெடுத்தல்

லீட்ரிமில் அக்டோபர் என்பது
மழை மூச்சு வாங்கும் இடைவெளிகளுக்குப் பெயர்.
அப்படி ஓர் இடைவெளியில் போர்வையைக் கழற்றினேன்.
கவுன்சிலரின் இரு தோள்களிலும்
உள்ளங்கை அகலத்துக்கு மயிர் உதிர்ந்து
தோல் பளபளத்தது.
வேறொரு குதிரைக்குத் தைத்ததை மாட்டிக்கொண்டு
மூன்று குளிர்காலம் ஒன்றும் சொல்லாமல்
நின்றிருக்கிறான்.

பெயரை வைத்தது நானில்லை.
தொப்பையையும், எந்தப் பேச்சுக்கும் திரும்பாத கழுத்தையும் பார்த்து
ஏலத்தில் விற்றவன் வைத்தது.

தையல் பெட்டியிலிருந்த இஞ்சு டேப்
ஐந்தடியில் தீர்ந்துபோனது.
அதற்குப் பிறகும் குதிரை மிச்சமிருந்தது.
வைக்கோல் கட்டின் நீலக் கயிற்றை எடுத்தேன்.
நெஞ்சின் நடுவில் ஒரு முனையை வைத்து
வாலை நோக்கி நடந்தால்
நெஞ்சில் முனை இல்லை.
வாலிலிருந்து தொடங்கினால்
அவன் திரும்பி, கயிற்றைத் தின்ன வருகிறான்.
இதற்கு இரண்டு ஆள் வேண்டும்.

இரண்டாவது ஆள் வேலிக்கு அப்பால் இருந்தார்,
டிராக்டரின் வயிற்றுக்குள் தலையை விட்டபடி.

மலாக்கியும் நானும் பேசி இரண்டு வருடமாகிறது.
ஓடைக்கரையில் பதினோரு அடி,
நாணலும் தவளையும் தவிர
எதற்கும் உதவாத சேறு.
அளக்க வந்த சர்வேயருக்கு
இரண்டு வீட்டிலும் தேநீர் கொடுத்தோம்.
இரண்டையும் குடித்தார்,
இரண்டு அளவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஒரு முனை பிடிக்கணும்" என்றேன்,
வேலியைப் பார்த்து.
வேலி கொஞ்ச நேரம் யோசித்தது.
பிறகு மலாக்கி
கை மசியைக் காற்சட்டையில் துடைத்தபடி வந்தார்.

நான் நெஞ்சுப் பக்கம். அவர் வால் பக்கம்.
நடுவே ஒரு முழுக் குதிரை.
தோளின் மேட்டைத் தொட்டு, விலாவைத் தடவி
தொய்யாமல், இறுக்காமல்
தொடையின் கடைசி வளைவு வரை.
"நேரா நிக்கல" என்றது வால் பக்கம்.
"நிற்கிறான்."
"இடது பின்னங்கால். மடக்கி வச்சிருக்கான்."
குனிந்து பார்த்தேன். மடக்கித்தான் வைத்திருந்தான்.

காத்திருந்தோம்.
கவுன்சிலர் மூச்சு விடும்போதெல்லாம்
கயிறு என் விரலில் ஒருமுறை இழுத்தது.
அந்தப் பக்கமும் இழுத்திருக்கும்.
ஈர முதுகிலிருந்து ஆவி எழுந்தது.
அதற்கு மேலே தெரிந்தது
அவருடைய தொப்பி மட்டும்.
"கழுத்தடி மேட்டுல நாலு விரல் போகணும்"
என்றது தொப்பி.
"அங்கதான் முதல்ல புண்ணாகும்."

கால் ஊன்றினான். "இப்போ."
அவர் பக்கம் ஒரு முடிச்சு விழுந்தது.
குதிரையைச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டேன்.
நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

சனிக்கிழமை, கேரிக்கில், கடைக்காரப் பெண் முன்னால்
பையைத் துழாவினால்
சாவி, பாதி கேரட், ஒரு தபால் ரசீது.
குதிரை இல்லை.

வீடு திரும்பும் வழியில் ஓடைக்கரைக் கதவு,
புயலடித்த இரவு அது படாரென்று அடித்துக்கொண்டதும்
தூக்கக் கலக்கத்தில் நான் போய்க் கட்டியதும்
அப்போதுதான் ஞாபகம் வந்தது.
நீலக் கயிறு, நாலு சுற்று.
கடைசியில் தொங்கிக்கொண்டிருந்தது மலாக்கியின் முடிச்சு.

அவிழ்த்து அளந்திருக்கலாம்.
ஈரத்தில் இறுகிவிட்டது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஒரு முனை பிடிக்கணும்."
"போன வாரம்தானே பிடிச்சேன்?"
கதவைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார்.
தொப்பியைச் சரிசெய்தார்.
"வளர்ந்திருப்பான்" என்றார்.

பதினேழு வயதுக் குதிரை.

ஆறடி மூன்றங்குலம் என்றேன்.
நாலு என்றார்.
கடையில் நாலு கிடையாது,
மூன்று, விட்டால் ஆறு, என்றேன்.
அப்படியென்றால் சரியாகப் பிடி என்றார்.
மழை தொடங்கியது.
கவுன்சிலர் இடது பின்னங்காலை
மெதுவாக மடக்கிக்கொண்டான்.