நிகர எடை

பாகாவ் ஆலையின் எடைமேடைக்கு முன்னால்
பதினோராவது லோரி என்னுடையது.
செம்பனைக் குலைகள் வெயிலில் வியர்க்கின்றன.
முறை வர முக்கால் மணியாகும்.
கூண்டுக் கண்ணாடிக்குப் பின்னால்
ஃபூய் லானுக்கு உதடு மட்டும் அசைகிறது.

சாமி கும்பிடுகிறாள் என்றுதான்
முதல் நாள் நினைத்தேன்.
'அபாண்டன்' என்றாள்.
யார் மேல் அபாண்டம், என்ன பழி என்று
தமிழிலேயே பதறிவிட்டேன்.
கைவிடுவது, என்றாள் மலாயில்.
எந்தச் சொற்பட்டியலை வாங்கினாலும்
அதுதான் முதலில் நிற்குமாம்.
"பாதிப் பேர் அதைப் படித்ததும்
அப்படியே செய்துவிடுகிறார்கள், அண்ணே."
அந்த அண்ணே மட்டும் தமிழ்.

வீட்டில் ஹக்கா.
பள்ளியில் மாண்டரின், பிறகு மலாய்.
ஆங்கிலம் இந்தக் கூண்டில்,
ஒரு வண்டிக்கும் மறு வண்டிக்கும் நடுவே,
நாளுக்குப் பன்னிரண்டு சொல்.
மூவெட்டில் நாலாம் பேண்ட் வேண்டும்,
அவள் கேட்கிற படிப்பு அப்படி.
அப்பாவின் டயர் கடையில்
ஒப்பித்துக் காட்ட ஆளில்லை.

அதனால் நான்.
மூன்றாம் படிவத்தோடு நின்றவன்.
எழுத்துக் கூட்டுவேன், பொருள் கேட்காதீர்கள்.
அட்டையை நான் பிடிக்க வேண்டும்,
பார்க்காமல் அவள் சொல்ல வேண்டும்.
ஒவ்வொரு சொல்லின் தலையிலும்
மூன்று நான்கு சீன எழுத்து.
ஓசைக்கு மட்டும்தானாம்.
பொருள் பார்த்தால்
பசு, கதவு, நாலாவது அத்தை
என்று என்னவோ வருமாம்.
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

'இர்ரிப்ளேசபிள்' வந்த அன்று நல்ல மழை.
அவள் நாக்கு ரகரத்தில் ஏறி
லகரத்தில் சறுக்கியது.
என் நாக்கு மட்டும் என்ன வாழ்ந்தது.
கடைசியில் தாளில் கோடு கிழித்தாள்:
முன்னால் இரண்டு துண்டு,
பின்னால் ஒரு துண்டு, வெட்டியாயிற்று.
நடுவில் மிச்சம் பிளேஸ்.
இடம்.

"சரக்கோடு ஒரு தடவை ஏறுகிறீர்கள்,
கொட்டிவிட்டு வெறும் வண்டியாக ஒரு தடவை.
கழித்தால் வருவதுதானே குலை?
இதுவும் அதே கணக்கு."
இருபத்திரண்டு வருஷமாக
இந்த மேடையில் ஏறி இறங்குகிறேன்.
எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்றிலிருந்து எடைச் சீட்டின் பின்பக்கம்
ஒரு சொல் எழுதியே தருவாள்.
மாதக் கடைசியில் கட்டைப் பிரித்த
கம்பனிக் கிராணி ஒரு சீட்டைத் திருப்பினார்.
'அப்சலீட்'.
ஓய்வுக்கு ஏழு மாதம் பாக்கியுள்ள மனிதர்,
ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்.
"யாரைச் சொல்றே, சன்னாசி?"
அந்த மாதம் அட்வான்ஸ் கிடைக்கவில்லை.

தேர்வு கோலாப் பிலாவில்.
அன்றைக்குக் கூண்டில் ஒரு பையன்,
போனில் ஒரு கண்.
காலி வண்டியை நிறை என்று போட்டுவிட்டு
என்னையே முறைத்தான்.

மறுநாள் வந்தாள்.
முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.
"எண்ணூறு சொல் ஏற்றிக்கொண்டு போனேன், அண்ணே.
கட்டுரையில் இறங்கியது ஒன்றே ஒன்று.
அதையே இரண்டு இடத்தில் போட்டேன்."
எது?
"நெவர்தலெஸ்."

நான் பிடித்த அட்டைகளில்
அது இருந்த ஞாபகம் இல்லை.
மலாயில் விளக்கினாள், சொல் நீளமாக இருந்தது.
வெட்டிப் பார்க்க நேரமில்லை,
பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள்.

குலை விலை இறங்கிவிட்டது.
இடது பக்க பிரேக் கத்துகிறது.
அவளுக்கு முடிவு வர இன்னும் இரண்டு மாதம்,
வந்த பிறகு இந்தக் கூண்டில்
யார் இருப்பார்களோ.
இருந்தாலும்

என்று வாய்விட்டுச் சொல்லி
முதல் கியரைப் போடுகிறேன்.
மேடை கொஞ்சம் அமுங்குகிறது.