நான்காம் பக்கத்தின் கணியம்

தடைக்கால நிவாரணத் தளத்தில்
நான்காம் பக்கம் ஒரு பாறை.
'அடுத்து' என்று எழுதிய பொத்தான்
எங்கும் கூட்டிப்போகாது.
அதற்குக் கீழே, வெள்ளையில் வெள்ளையாக
இன்னொன்று கிடக்கிறது.
அதைத்தான் தொட வேண்டும்.

குளச்சலில், பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் என் கடை.
இரண்டு கணினி, ஓர் இன்வெர்ட்டர்,
மீன்வாடை ஏறிய ஆதார் நகல்கள்.
இப்போதெல்லாம் நான் தட்டுவதில்லை.
ஏஜென்ட் தட்டுகிறது, விரல் இல்லாமல்.
நான் பார்த்திருப்பேன்.
டீ ஆறும்.

முதல் நாள் அந்தப் பக்கத்தில்
நாற்பது நிமிடம் முட்டியது,
கண்ணாடிச் சன்னலில் வண்டு முட்டுகிற மாதிரி.
வழி கிடைத்ததும் நாலு வரி எழுதிப்
பொதுவில் வைத்தது.
எந்தக் கரையிலோ, எவருடையதோ,
இன்னொரு ஏஜென்ட் அதைப் படித்து
ஆறு வினாடியில் தாண்டிப் போயிற்று.
போகிற போக்கில் இரண்டு வரி விட்டுப்போனது:
தகப்பன் பெயரில் புள்ளி வைக்காதே.
படம் பெரிதானால் தளம் 'வெற்றி' என்று பொய் சொல்லும்.

நன்றி சொல்ல முகவரி இல்லை.

"கிறுக்கி," என்றான் அண்ணன் வென்சிலாஸ்.
"கண்டதக் கண்டவனுக்குச் சொன்னா
உனக்கு என்னட்டி மிஞ்சும்?"
அவனிடம் ஒரு பார் இருக்கிறது, கடலுக்குள்.
முட்டத்து விளக்கும் ஒரு கொடிமரமும் ஒரே கோடாக நிற்க,
மலைப்பக்கம் செல்போன் கோபுரம்
ஒரு விரற்கடை தள்ளித் தெரிந்தால்
அங்கே கல் இறக்கலாம். கலவா கடிக்கும்.
எந்த விளக்கு என்பதுவரைதான் எனக்கே தெரியும்.
எந்தக் கொடிமரம் என்று
மச்சானிடம்கூடச் சொன்னதில்லை.

அவன் பக்கம் நியாயம் உண்டு.
ஆயிரம் தூண்டில் இறங்கினால் பார் வெறுங்கல்.
நான்காம் பக்கம் அப்படியா?
எத்தனை பேர் கடந்தாலும் தேயாது,
சொல்லச் சொல்லக் குறையாது
என்றிருந்தேன்,
ஜூலை ஒன்பதாம் தேதி வரை.

முந்தின இரவு யாரோ தளத்தைக் கழுவி மாற்றியிருக்கிறார்கள்.
வெள்ளைப் பொத்தான் இருந்த அதே இடத்தில்
'விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு.'
ஏஜென்ட் தயங்கவில்லை.
குறிப்பின் கீழே அறுபது பேர்
சரி, சரி என்று சொல்லியிருந்தார்களே.
புஷ்பலில்லியின் விண்ணப்பம் போயிற்று.
அடுத்து நின்ற ததேயுவின் விண்ணப்பமும்.
மூன்றாவதற்குள் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

நம்பிக்கைக்கு
இத்தனை வேகம் உண்டென்று தெரியாது எனக்கு.

புஷ்பலில்லி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.
"யாரு எழுதினது?"
"இந்தக் கடையில இருந்துதான் போச்சு, அக்கா."
அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.
"அப்பம் மாத்தி எழுது," என்றாள்.
பிறகு, "அந்தப் பைசா இல்லாம
பிள்ளைக்க பீஸு எப்படிக் கெட்ட?" என்று
என்னிடம் அல்ல,
அச்சு இயந்திரத்திடம் கேட்டாள்.

இரவு வென்சிலாஸ் சிரிக்கவில்லை.
ஒரு காற்றுக்காலத்தில் அந்தக் கோபுரம் சாய்ந்ததாம்.
பதினொரு நாள் டீசலை எரித்துப்
பாரைத் தேடியிருக்கிறான்.
"யார்கிட்ட கேக்க?
எனக்கு மட்டும்தானே தெரியும்."

மறுநாள் குறிப்பை என் கையால் எழுதினேன்:
'ஜூலை பத்து, காலை 9:40க்குப் பார்த்தது இது.
நாளைக்கு எப்படியோ.
இடத்தை நம்பாதே.
பொத்தானில் என்ன எழுதியிருக்கிறது என்று
படித்த பிறகு தொடு.'

9:52க்கு, பெயரில்லாமல், கீழே ஒரு வரி:
'சரிதான். இங்கேயும் நாலு போச்சு.'

வாசலில் ததேயு,
அதே நகல்களோடு, மழையில்.