சமம் ஆகும் வரை

ரீகாவில், ஆற்றியல் நிலையத்தின் கீழ்த்தளத்தில்
அந்த இயந்திரத்துக்கு இரவுக் காவல் நான்.
காவல் என்றால் திருடனுக்கு அல்ல.
எரிந்துபோன வால்வை மாற்ற, நாடா அறுந்தால் ஒட்ட,
எண் அச்சானால் மேலே தொலைபேச.

மார்ச் பதினொன்று. தௌகவா உறைந்தபடியே கிடந்தது.
கட்டி என்றைக்கு உடையும் என்று
துறைமுகத்தார் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.
குந்தெகா ஒரு நிரலைத் துளைத்துக் கொண்டுவந்தாள்:
நீரின் வெப்பத்தைப் பூஜ்யத்தில் வை.
பத்தில் ஒரு பாகை கூட்டு.
பனியின் கனத்தைக் கணக்கிடு.
வெப்பம் ஒன்றுக்குச் சமமா, பார்.
இல்லையென்றால் திரும்பப் போய்க் கூட்டு.
சமம் ஆனதும் நில். நாளைச் சொல்.

சுற்றுக்கு ஒரு நிமிடம், பத்தே சுற்று என்றாள்.
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

ஒன்பதுக்குத் தொடங்கியது.
பதினொன்றுக்கும் விளக்குகள் மினுங்கின.
கோட்டைக் கழற்றினாள்.

இது யோசிக்கிறதா,
வழி தெரியாமல் சுற்றுகிறதா,
மினுங்குவதைப் பார்த்துச் சொல்ல முடியாதா?
கேட்டேன்.
இந்த ஒன்றுக்குச் சொல்லலாம், உட்கார்ந்து படித்தால், என்றாள்.
எந்த நிரலைக் கொடுத்தாலும் நிற்குமா என்று சொல்கிற நிரலை
யாராலும் எழுத முடியாது. நிரூபித்தாயிற்று.
அப்படியானால் நிறுத்திவிடு.
அடுத்த நிமிடம் விடை வந்தால்?

அந்த அடுத்த நிமிடம் இரண்டு மணிக்கும் அப்படியே இருந்தது.
மூன்றுக்கு இன்னும் கனத்தது.
இவ்வளவு காத்தது வீணாகுமே என்று
காத்திருப்பும் தன்னோடு தன்னைக் கூட்டிக்கொள்கிறது.

நாலு மணிக்கு ஒரு வெடி.
வால்வு என்று ஓடினேன். வால்வு இல்லை.
சன்னல் சட்டம் நடுங்கியது.
பாலத்துக்குக் கீழே ஒரு முழுத் தெருவை
யாரோ குறுக்கே ஒடிக்கிறார்கள்.
கம்ப விளக்கின் மஞ்சளில்
பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சரிந்து
கடலைப் பார்க்கப் போயின,
எந்த எண்ணையும் கேட்காமல்.

நான் சுவிட்சில் கை வைத்தேன்.
அணைக்காதே, என்றாள். நிறுத்து மட்டும்.
வெப்பம் இருக்கிற கட்டத்தை வாசி.

விளக்கு விளக்காக வாசித்தேன்.
நாற்பத்திரண்டு பாகை.
உள்ளே ஆறு காய்ச்சலில் கிடந்தது.
பனியின் கனமோ
பூஜ்யத்துக்குக் கீழே எங்கேயோ.
அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள்,
பென்சிலைத் தேடினாள்.

பத்தில் ஒன்று நமக்குத்தான் ஒரு புள்ளி, ஒரு இலக்கம்.
இரண்டே இலக்கம் தெரிந்ததற்கு அது
பூஜ்யம் பூஜ்யம் ஒன்று ஒன்று
பூஜ்யம் பூஜ்யம் ஒன்று ஒன்று
முடிவே கிடையாது.
கட்டங்கள் தீர்ந்த இடத்தில் வெட்டிவிடுகிறது.
வெட்டிய பத்துத் துண்டை ஒட்டினால்
ஒன்று வரவில்லை, மயிரிழை குறைவு.
பதினோராவது அதைத் தாண்டிவிட்டது.
ஒன்பது பத்துக்கே விடை வாசல்வரை வந்து
கதவைத் தட்டாமல் போயிருக்கிறது.
நாங்கள் டீ போட்டுக்கொண்டிருந்தோம்.

சமம் என்ற சொல்லை அடித்தாள்.
எட்டும் வரை அல்லது தாண்டும் வரை
என்று மேலே நெருக்கி எழுதினாள்.
புது நாடாவை நான் மாட்டினேன்,
உடைந்த ஆறு சுவருக்கு அப்பால்
உரசிக்கொண்டே போகையில்.

பதினொரு நிமிடம். அச்சு தட்டியது:
மார்ச் பத்தொன்பது.

நான் மேலே தொலைபேசவில்லை.
குந்தெகா கோட்டில் ஒரு கையை நுழைத்தபடி
தாளை இன்னொரு முறை பார்த்தாள்.
தப்பு, என்றாள்.
ஆனால் நின்றது.