பதினேழாம் கட்டம்

லிங்கராஜபுரத்துப் பாலத்துக்குக் கீழே
ஆரோக்கியதாஸின் கொட்டகையில்
வாயை மூட முடியாமல் நின்றது ராகி.
எச்சில் கயிறு தரைவரை.
எட்டு நாள் கன்று
காலையில் முட்டி முட்டிக் குடித்தது,
மத்தியானம் விழுந்தது.

கோமாரி என்று அவருக்கே தெரிந்திருந்தது.
"ஊசி போட்டேனே மேடம், சீட்டு இருக்கு பாருங்க."
பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து நீட்டினார்.
ரப்பர் முத்திரை சரி, தேதி சரி,
மாடு மட்டும் சரியாக இல்லை.

நாக்கில் உடைந்த கொப்புளத்தின் ஓரத்துத் தோலை
இடுக்கியால் உரித்தேன், தபால்தலை அளவு.
கிளிசரின் பாதி, உப்புக்கரைசல் பாதி.
கொஞ்சம் புளிப்புப் பட்டாலே செத்துவிடும் கிருமி,
ஊர் ஊராய்க் கொட்டகைகளைச் சாய்க்கிறது.
(அன்று என் டிபன் டப்பாவில் எலுமிச்சை சாதம்.
ஜீப்பிலேயே விட்டுவந்தேன்.)

கன்றைத் திறந்தபோது
இதயத்தில் வெளிறிய மஞ்சள் வரிகள்.
புலி நெஞ்சு என்கிறது பாடப்புத்தகம்.
பாலத்தையும் தாயின் மடியையும் தவிர
எதையும் பார்த்திராத உயிருக்குள்
எப்போது வந்து படுத்தது புலி?

ஹெப்பாளில் எங்கள் இயந்திரம் சொன்னது: ஓ வகை.
எங்கள் கைக்கு எட்டியது அவ்வளவுதான்.
எந்த ஓ,
எந்தச் சந்தை வழியாக நடந்துவந்த ஓ,
சீட்டிலிருக்கும் மருந்துக்கு ஏன் அடங்காத ஓ
என்று கேட்கக் கடல் தாண்டி ஓர் ஆய்வகம்.
பல நாட்டு நாக்குகளும் அங்கே
உறைபெட்டிகளில் அடுக்கடுக்காக.
தனியாக இருந்தால் ஒன்றும் பேசாது.
இன்னொன்றின் பக்கத்தில் வைக்க வேண்டும்.

குழாய், குழாய்க்குப் பஞ்சு, பஞ்சுக்கு டப்பா,
டப்பாவைச் சுற்றிப் பீன்யாவில் வாங்கிய உலர்பனி.
மேலே வைரக் கட்டத்துக்குள் 3373.
தேவனஹள்ளி சரக்குக் கிடங்கில்
சுங்க அதிகாரி நாகேந்திரப்பா
"ஏனிது?" என்றார்.
"நாலிகே" என்றேன்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.
நாலு மணி நேரம், இரண்டு கடிதம், டெல்லிக்கு ஒரு போன்.
பெட்டியின் காதோரம்
பனி புகைந்துகொண்டே இருந்தது.

படிவத்தில் எல்லாமே கேட்டிருந்தார்கள்.
இனம், வயது, பால், கடைசியாக ஊசி போட்ட நாள்,
அட்சரேகை, தீர்க்கரேகை.
பதினேழாம் கட்டம்: வேறு குறிப்புகள்.
ஏனென்று தெரியாமல் அங்கே எழுதினேன்:
தாய், ராகி. கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

ஆறு வாரம்.
பதிலில் ஒரு மரம் வரைந்திருந்தார்கள்.
கிளைக்குள் கிளையாகப் போய் ஒரு நுனியில்
எங்கள் கிருமி,
நாடு, வரிசை எண், ஆண்டு என்று முழுப்பெயரோடு.
அடுத்த நுனியில் அதன் பங்காளி,
இரண்டு எல்லைக்கு அப்பால்
மூன்று வருடம் முன்பு
யாருடைய எருமையின் வாயிலிருந்தோ.
கொன்றதற்கு வம்சாவளி கிடைத்துவிட்டது.

மரத்தடியில் ஒரு எண்: 0.19.
0.3 இருந்தால் மருந்து பொருந்தும் என்று கணக்கு.
அடுத்த சுற்றுக்கு விதைக்கிருமியை மாற்றச் சொல்லிக்
கோப்பு நகரத் தொடங்கியது,
கோப்புகள் நகரும் வேகத்தில்.

ஆரோக்கியதாஸிடம் எண்ணைச் சொன்னேன்.
"அப்ப என் சீட்டு பொய் இல்லையே?"
"இல்லை. மருந்துதான் பழசு."
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு மடித்து, அதே உறைக்குள் வைத்தார்.

மின்னஞ்சலின் கடைசியில்
மாக்தலேனா என்று கையெழுத்திட்ட யாரோ
கேட்டிருந்தார்:
ராகி என்பது எந்த இனம்?
எங்கள் பட்டியலில் இல்லையே.

நிறம் என்று தட்டி அழித்தேன்.
தானியம் என்று தட்டி அழித்தேன்.
களி கிண்டுவது எப்படி என்று நாலு வரி எழுதி
அதையும்.
கடைசியில் இப்படி அனுப்பினேன்:
ஆரோக்கியதாஸின் மாடு.
தேறிவிட்டது.
பால் மட்டும் பாதி.