இருபத்தைந்து கிராம்

நாகூர்கனி கடைத் தராசில்
கடலை வைத்தேன்.
எந்தக் கடலை, வறுத்ததா என்றார்.
நெய்தவாசல் கடல் என்றேன்.
ஒரு லிட்டர் பாட்டில், கழுத்துவரை அலை.

பிறகு அதே பாட்டிலைக் கழுவி
மேலையூர் மதகில் பிடித்து வந்த ஆற்றுத் தண்ணீர்.
இருபத்தைந்து கிராம் குறைந்தது.
ஒரு சீரகப் பொட்டலம் என்றார் கனி,
இதற்கா இத்தனை தூரம் மிதித்து வந்தாய்?

நான் மோட்டார் இறக்குகிறவன்.
பதினெட்டு வருஷமாகக் கடைமடையில்
தண்ணீர் போன இடத்துக்கெல்லாம்
பின்னாலேயே குழாய் விட்டவன்.
அறுபதடி. தொண்ணூறு. நூற்று முப்பது.
ஆழத்துக்குத் தகுந்த கூலி.

போன பங்குனியில் வைரக்கண்ணு கூப்பிட்டார்,
இன்னும் இருபதடி இறக்கு.
இறக்கினேன்.
பத்து நாள் நல்ல தண்ணி.
பதினோராம் நாள் டீ திரிந்தது.
அதற்கடுத்த வாரம் நாற்றின் நுனி
தீயில் காட்டியதுபோல் சுருண்டது.
கடலுக்கு வழி காட்டிட்டியேடா என்றார்.

நிலத்தடி நீர்ப் பிரிவிலிருந்து
மாதம் ஒருமுறை வருகிறவள் தெய்வநாயகி.
கிணற்றில் டேப்பை விட்டு
ஈரம் பட்ட இடத்தைப் படித்து
நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள்:
கடல்மட்டத்துக்கு மேலே
ஓரடி நல்ல தண்ணி நின்றால்
கீழே நாற்பதடிக்கு அது உப்பை மிதித்து நிற்கும்.
மேலே ஓரடி போனால்...
முடிக்கவில்லை.
ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு
அடுத்த கிணற்றுக்குப் போய்விட்டாள்.

நம்பவில்லை. அதனால்தான் தராசு.
ஆயிரத்தில் இருபத்தைந்து.
நாற்பதில் ஒன்று.
இதற்குக் கையெழுத்து வேண்டாம்.
மேட்டூர் திறக்கும் தேதி வேண்டாம்.
எந்த நடுவர் மன்றத்திலும்
மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு
சீரகம் நிறுக்கிற தட்டில் கிடந்தது.

நமக்குத் தெரியாததா இது?
விதைநெல் தேற்ற வாளியில் உப்பைக் கரைப்போம்.
முட்டை மிதந்து
கால்ரூபாய் அகலம் தலைகாட்டியதும்
நெல்லைக் கொட்டுவோம்.
பதர் மேலே, மணி கீழே.
அந்த வாளிதான் ஊருக்கு அடியிலும்.
நல்ல தண்ணிதான் முட்டை.
தலையைச் சுரண்டச் சுரண்ட
அடி எழும்பி வரும்.

வைரக்கண்ணு மறுபடி கூப்பிட்டபோது
முப்பதடி மேலே தூக்கினேன்.
தூக்குவதற்கு என்ன கூலி என்று
இருவருக்கும் தெரியவில்லை.
ஒரே மூச்சில் இறைக்காதே,
அரைமணி ஓட்டு, நிறுத்து, மூச்சு விடட்டும் என்றேன்.
யாருக்கு மூச்சு என்றார்.

ஐப்பசியில் வடிகால் சட்ரஸில்
இற்றுப்போன பலகைகளை மாற்றினோம், பதினாறு பேர்.
ஓதத்துக்குத் திறந்து கிடந்த வாய் அது.
மழை தங்கியது. குளம் ஏறியது.
பள்ளத்து வயல் பக்கிரிசாமி
மண்வெட்டியோடு வந்து நின்றார்:
உங்க உப்பு இறங்க என் சம்பா அழுகணுமா?
அவர் சொன்னதும் சரி.
தண்ணீர் தன் மட்டத்தைத் தேடும்.
அது இன்னொரு சட்டம்,
அதற்கும் மேல்முறையீடு கிடையாது.
மேல் பலகை ஒன்றைக் கழற்றினோம்.
எவ்வளவு நேரம் சண்டை போட்டோம் என்பதை
இங்கே எழுதவில்லை.

கிழக்கே இறால் குட்டையில்
ராத்திரி ஏழு மோட்டார் ஓடுகிறது.
அதில் இரண்டு நான் இறக்கியது.
அதை எந்தத் தராசில் வைப்பது
என்று இன்னும் தெரியவில்லை.

தையில் தெய்வநாயகி வந்தாள்.
டேப்பில் ஈரம் ஒரு சாண் மேலே.
முக்கால் அடி. நானே பெருக்கினேன்: முப்பது.
கணக்கு சரிதான் என்றாள்,
ஆனா உப்பு ஏறுகிற வேகத்தில் இறங்காது,
வருஷங்கள் ஆகும்.

வைரக்கண்ணு வீட்டில் டீ கொடுத்தார்கள்.
திரியவில்லை.
கரித்தது.
அவளும் நானும்
மிச்சம் வைக்காமல் குடித்தோம்.