ஆட்சியும் உரித்தும்

யசிந்தன்,
பழைய கொம்பியூட்டர் ஒண்டு வாங்கியிருக்கிறன்,
என்ன கேம் விளையாடலாம் எண்டு கேட்டிருந்தாய்.
நாலு நாளாய்ப் பதில் போடேல்லை.
நொத்தாரிசு கந்தோரில் வேலை கூட.
காணி எழுதி முடிச்சுக்கொண்டு திரும்பிப் போக
லண்டனிலிருந்து ஆக்கள் வந்து நிக்கினம்.

முதல், அந்த வெளிச்சவீட்டுக் கேமை எடு.
முந்நூறு எம்பீதான். ஆரோ ரெண்டு சகோதரிகள் செய்தது.
விளக்கைத் திருப்பவேணும்,
வாற கப்பலின்ரை பேரைக் கொப்பியில் பதியவேணும்,
அவ்வளவுதான்.
கணக்குத் திறக்கச் சொல்லாது. பிறந்த திகதி கேளாது.
ஒருநாள் ஒரு கப்பல் பேரில்லாமல் வரும்.
அதுக்குமேலை சொல்லமாட்டன்.

பிறகு, தபால் ரயில்.
உன்ரை கிராபிக்ஸ் கார்ட் தாங்கும்,
விசிறி மட்டும் கொஞ்சம் கத்தும்.
கோண்டாவிலில் கரண்ட் போனாலும்
நிண்ட ஸ்ரேசனிலேயே நிக்கும் அந்த ரயில்.

பெரிய கேமுகளைப் புதுசிலை வாங்காதை.
நூற்றிப்பத்து ஜீபி.
இரவு டேட்டா பன்னிரண்டிலிருந்து விடிய ஏழுமட்டும்.
மூண்டு இரவு முழிச்சிருந்து இறக்கினால்
நாலாம் நாள்
அதைவிடப் பெரிய திருத்தம் ஒண்டு வந்து நிக்கும்.
விலை டொலரில்.
நாடு எதெண்டு கேட்ட பெட்டியில் இறங்கிக்கொண்டே போனன்,
ஸ்பெயினுக்கு அடுத்தது சூடான்.
காசு குடுத்து வாங்கின வாளுக்கு
நிறம் பூச இன்னொரு காசு.
தனிய விளையாடுற கேம்தான் அது,
எண்டாலும் றவுட்டர் செத்தால் கதவு திறக்காது.
இணையமின்றி விளையாட
முதலில் இணையத்துடன் இணையுங்கள் எண்டது.
சிரிச்சன். பிறகு மேசையில் அடிச்சன்.

பகல் முழுக்க நான் என்ன ரைப் பண்ணுறனான் எண்டு உனக்குத் தெரியும்.
'நிலம் பரப்பு இரண்டு குழி ஐந்து.
கிழக்கு ஒழுங்கை.
கிணற்றில் ஆறிலொரு பங்கும்
வழி வாய்க்கால் உரித்தும்.'
ஆறிலொரு பங்கெண்டாலும்
உன்ரை வாளியை ஒருத்தரும் பறிக்கேலாது.
ஒற்றியெண்டால் காசு திரும்பக் காணி திரும்பும்.
குத்தகையெண்டால் தவணை எழுதியிருக்கும்.

ஒரு ராத்திரி, விசருக்கு,
எல்லாரும் சம்மதமெண்டு அமத்திப்போட்டுப் போற
அந்த நாப்பத்தாறு பக்கத்தையும் வாசிச்சன்.
பொத்தானில் வாங்கு எண்டு இருக்கு.
உள்ளுக்கை எங்கையும் விற்றோம் எண்டு இல்லை.
உதுக்கு எங்கடை கந்தோரில் பேர் கிடையாது.

வடபனி தெரியும்தானே,
நானும் குருநகர் அன்ரனீற்றாவும் மூண்டு வருசம் ஓட்டின கப்பல்.
ஆள் கூடேல்லையாம், லாபம் காணாதாம்.
உங்கள் பயணத்துக்கு நன்றி,
திங்கள் நடுச்சாமம் சேர்வர் மூடப்படும் எண்டு கடிதம்.
சரி, திங்கள் இரவு பனிமலைக்குக் கிட்ட நங்கூரம் போட்டு
கடைசிவரை இருப்பமெண்டு பேசிவைச்சம்.
அவள் ரோல்ஸ் வாங்கி வாறனெண்டாள்.

ஆரின்ரை நடுச்சாமம் எண்டு கேக்க மறந்துபோனம்.

அவங்கடை நடுச்சாமம் எங்கடை பகல் பன்னிரண்டரை.
அந்த நேரம் நான்
'சந்ததி சந்ததியாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள' எண்ட இடத்தில் நிண்டனான்.
ஒரு புள்ளி விட்டுப்போச்சு.
ஐயா சிவப்பால் சுழிச்சுத் தந்தார்.
அன்ரனீற்றா ஐஸ் கொம்பனியில் சாப்பாட்டு நேரம்
சும்மா ஒருக்கா உள்ளுக்கை போயிருக்கிறாள்.
பனி அப்பிடியே நிண்டதாம்.
'லோட் ஆகுதெண்டு நினைச்சனடி,
சோறு காயும்வரை பாத்துக்கொண்டிருந்தனான்.'

என்ரை கொம்பியூட்டரில்
செற்றிங்ஸ் கோப்பு மட்டும் மிச்சம். பதினொரு கேபி.
சத்தம் எழுபது, வெளிச்சம் நாப்பது.
அழிக்கேல்லை.

நீ வெளிச்சவீட்டை முதல் முடி.
பென்ரைவில் ஒரு கொப்பி எடுத்து வை,
ரெண்டாய் எடு.
அந்தக் கப்பல் வந்தால்
என்ன பேர் எழுதினனீ எண்டு எனக்குச் சொல்லு.