துணைவினை

பத்தொன்பது வருடமாய்ப் பிழை சேர்க்கிறேன்.
வந்தாறுமூலை வளாகத்தில் என் அறை அலுமாரியில்
நான்கு இழுப்பறை நிறையப் பிறர் பிழைகள்,
வயது, தாய்மொழி, திகதி குறித்த அட்டைகளில்.

வாவி பெண், பாலம் ஆண் என்றேன் ஒருமுறை.
"கல்லடிப் பாலத்தில எதப் பாத்து மிஸ் ஆண் எண்ட?"
ஏறாவூர் ஸபீனா கேட்டாள்.
அந்தக் கேள்வியை முப்பது பக்கமாக்கி
லியோனில் வாசித்தேன்.
கேட்டவர் நால்வர்; ஒருவர் தேநீருக்குக் காத்திருந்தவர்.
என் தொண்டையில் ரகரம் இன்னும் நாவிலேயே உருள்கிறது.
உறைந்த பிழை என்பது அதன் கலைச்சொல்.
மாணவர்க்குச் சொல்வதில்லை.

சனிக்கிழமைகளில் கல்லடியில் இலவச வகுப்பு.
லா கூர்நெவில் புருசன் இருக்கிற பெண்கள்.
"அறுநூறு சொல்லுப் போதும் மிஸ்,
அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்."

அன்று இறந்தகாலம்.
தின்றேன், விற்றேன், அழுதேன்,
இவற்றுக்கெல்லாம் துணைவினை 'உடைமை'.
போதல், வருதல், பிறத்தல், சாதல்
இவற்றுக்கு மட்டும் 'இரு'.
"செத்ததுக்கு என்னத்துக்கு மிஸ் இரு?"
எல்லோரும் சிரித்தோம்.

குடும்பம் பற்றி நாலு வசனம் கேட்டேன்.
சித்தாண்டித் தவநிதி எழுதியிருந்தாள்:
தம்பி பிறந்தான்.
பள்ளிக்குப் போனான்.
வீட்டுக்கு வந்தான்.
தம்பி காணாமல் போனான்.
நாலிலும் 'இரு'.

மூன்று சரி.
நாலாவது, பிரெஞ்சில்,
போதலோடும் சேராது, சாதலோடும் சேராது;
தின்றதோடும் விற்றதோடும் நிற்கும்.
விளக்கம் என்னிடம் ஆயத்தமாய் இருந்தது:
தமிழில் காணாமல் போவதிலும் ஒரு 'போ' இருக்கிறது,
அதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்,
தாய்மொழித் தாக்கம், இரண்டாம் இழுப்பறை.

சிவப்புப் பேனையின் மூடியைத் திறந்தேன்.

"பிழையா மிஸ்?"
சோதனையில பிழைதான் என்றேன்.
"எவ்வளவு குறைப்பாங்க?"
அரைப் புள்ளி.
"அரைதானே. கிடக்கட்டும் மிஸ்.
நான் மாத்தல்ல."

அட்டையில் பிழை என்ற கட்டம் வரை எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில் பேனை நின்றது.
அது இன்னும் என் கைப்பையில்தான்
பஸ் டிக்கட்டுகளோடு கசங்குகிறது.

ஜூனில் சோதனை. தேறிவிட்டாள்.
அங்கே அந்த வசனத்தை எழுதினாளா,
எழுதினால் எந்தத் துணையோடு எழுதினாள்,
எனக்குத் தெரியாது.
விடைத்தாளைத் திருப்பித் தர மாட்டார்களாம்.